போட்டோ கேலரியில் எந்தப் படத்தைக் கிளிக் செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத் தளத்தில் படங்களை அடுக்கி வைத்திருப்பவர்கள் கிளிக் கணக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நிரல் எழுதத் தெரிந்தவர்களையும், பிளகின் போட்டு வேலையை முடிப்பவர்களையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கூகுள் அனலிட்டிக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. படக் கிளிக் தானாகப் பதிவாகாதா?

ஆகாது. அதன் இப்போதைய பதிப்பான ஜிஏ4 சில விஷயங்களைத் தானாகவே குறித்துக்கொள்ளும்: பக்கம் திறந்தது, பக்கத்தில் 90 சதவீதம் வரை ஸ்க்ரோல் செய்தது, வெளித்தளத்துக்குப் போகும் லிங்க்கை அழுத்தியது, தளத்துக்குள் தேடியது, யூடியூப் வீடியோ ஓடியது, படிவம் நிரப்பியது, ஃபைல் டவுன்லோடு செய்தது. கேலரிப் படத்தை அழுத்தினால் பெரும்பாலும் அதே பக்கத்தின் மேலேயே படத்தைப் பெரிதாகக் காட்டும் லைட்பாக்ஸ் திறக்கிறது. இது மேலே சொன்ன எதிலும் சேராது.

"லைட்பாக்ஸ் இல்லை, தம்ப்நெயில் (சிறு படம்) நேராகப் பெரிய படத்தின் ஃபைலுக்கே போகிறது, அப்போது டவுன்லோடு கணக்கில் வருமே" என்று சிலர் நினைப்பதுண்டு. வராது. ஜிஏ4 டவுன்லோடாக எண்ணும் ஃபைல் வகைகளில் பிடிஎஃப், ஜிப், எம்பி3, எம்பி4 எல்லாம் உண்டு. ஜேபிஜி, பிஎன்ஜி போன்ற பட வகைகள் கிடையாது. பெரிய படங்களை வேறொரு டொமைனில் வைத்திருந்தால் மட்டும் அது வெளித்தள லிங்க் என்ற கணக்கில் வந்து விழும். அதை நம்பி உட்கார முடியாது. கேலரிக் கிளிக் வேண்டுமென்றால் நாம்தான் தனியாக ஏற்பாடு செய்தாக வேண்டும்.

சர்வர் லாக்கில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி இருக்கிறதே. அதை எண்ணினால் போதாதா?

சர்வரின் பதிவேடான லாக் சொல்வது "இந்த ஃபைலை யாரோ கேட்டார்கள்" என்பதை மட்டும்தான். கேட்டது மனிதரா, உலாவி முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டதா, தேடுபொறியின் 'பாட்' எனும் தானியங்கி நிரலா என்பது அந்த வரியில் நேராகத் தெரியாது. நிறைய லைட்பாக்ஸ்கள் ஒரு படம் திறந்ததுமே அடுத்த படத்தையும் முந்தைய படத்தையும் சேர்த்து இறக்கிவிடும். ஒருவர் ஒரு படத்தைத்தான் பார்த்திருப்பார், லாக்கில் மூன்று இருக்கும்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். ஒருமுறை பார்த்த படம் உலாவியின் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், இருந்தால் இரண்டாம் முறை சர்வருக்குச் செய்தியே வராது. நடுவில் சிடிஎன் (படங்களின் நகலை வைத்து வழங்கும் சர்வர் வலை) இருந்தால் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு அதுவே பதில் சொல்லி அனுப்பிவிடும். ஆக, லாக் எண்ணிக்கை சில படங்களுக்குக் கூடவும் சில படங்களுக்குக் குறையவும் இருக்கும், எதற்கு எவ்வளவு என்று திருத்தவும் வழியில்லை. சர்வரின் சுமையைப் பார்க்க லாக் நல்லது. எந்தப் படம் பிடித்தது என்று பார்க்க உதவாது.

லிங்க்கை ஒரு பிஎச்பி ஃபைல் வழியாகத் திருப்பிவிட்டு எண்ணுவது?

பழைய முறை, இப்போது வேண்டாம். ஒவ்வொரு கிளிக்கிலும் ஒரு திருப்பம் கூடி படம் தாமதமாகத் திறக்கும். பாட்கள் லிங்க்கைப் பிடித்துக்கொண்டு போய் எண்ணிக்கையை ஏற்றிவிடும். போக வேண்டிய முகவரியை அந்த ஃபைல் சரிபார்க்காமல் விட்டால், உங்கள் தளத்தின் பெயரை வைத்து யார் வேண்டுமானாலும் யாரையும் மோசடிப் பக்கத்துக்கு அனுப்பலாம்.

சரி, கிளிக்கைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக லிசனர் (நிகழ்வுக்காகக் காத்திருக்கும் நிரல் துண்டு) போட வேண்டியதில்லை. கேலரி முழுவதையும் சுற்றியிருக்கும் ஒரே டிவ்வில் (பக்கத்தின் ஒரு பகுதியைச் சூழும் எச்டிஎம்எல் உறுப்பு) ஒரு லிசனர் போதும். உள்ளே எங்கே அழுத்தினாலும் அந்த நிகழ்வு மேலே ஏறி அந்த டிவ்வுக்கு வந்து சேரும். அங்கே, அழுத்தப்பட்ட இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடி, படத்தின் அடையாள எண் எழுதப்பட்ட முதல் உறுப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 'க்ளோசஸ்ட்' என்ற செயற்கூறு இதற்காகவே இருக்கிறது. ஸ்க்ரோல் செய்யச் செய்யப் புதுப் படங்கள் வந்து சேரும் கேலரியிலும் இதே ஒரு லிசனர் வேலை செய்யும்.

பிடித்ததை அனுப்பும்போது 'சென்ட்பீக்கன்' பயன்படுத்துங்கள். சாதாரணக் கோரிக்கையை அனுப்பிய கையோடு பார்வையாளர் வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் அது பாதியில் அறுந்துபோகலாம். பீக்கனை உலாவி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பக்கம் மூடிய பிறகும் அனுப்பிவைக்கும். அளவு 64 கேபி வரைதான் என்று ஒரு வரம்பு உண்டு. நாம் அனுப்பப்போவது ஒரு பட எண், அது எந்த வரிசையில் இருந்தது என்ற எண், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களை எளிதில் விட்டுவிடுவோம். மவுஸின் நடுப் பட்டனை அழுத்திப் புது டேபில் திறப்பவர்கள் 'கிளிக்' நிகழ்வில் வரமாட்டார்கள். அதற்கு 'ஆக்ஸ்கிளிக்' என்று தனி நிகழ்வு. இன்னொன்று, கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர்கள். தம்ப்நெயிலை லிங்க்காகவோ பட்டனாகவோ அமைத்திருந்தால் என்டர் அழுத்தினாலும் கிளிக் நிகழ்வு பிறக்கும். வெறும் டிவ்வில் போட்டிருந்தால் பிறக்காது. அவர்களால் படத்தைத் திறக்கவே முடியாது என்பதுதான் அங்கே பெரிய குறை, கணக்கு அதற்கு அடுத்ததுதான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கூகுள் டேக் மேனேஜரில் கிளிக்கைக் கவனிக்கும் ட்ரிகர் வைத்தேன். சில கிளிக் வருகிறது, சில வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் படத்தின் மேல் படர்ந்திருக்கும் இன்னொரு அடுக்கு. மவுஸைக் கொண்டுபோனால் தலைப்பு எழுந்து வரும் கேலரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலைப்புப் பட்டை படத்தின் மேலே கிடக்கிறது. பார்வையாளர் படத்தை அழுத்துவதாகத்தான் நினைக்கிறார். உலாவியைப் பொறுத்தவரை அழுத்தப்பட்டது பட்டை. உங்கள் ட்ரிகர் "படம் என்ற உறுப்பு அழுத்தப்பட்டால்" என்று காத்துக்கொண்டிருக்கும். பட்டை எழாத ஓரத்தில் அழுத்தியவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள். மவுஸை மேலே கொண்டுபோவது என்பதே இல்லாத மொபைலில் ஒரு கணக்கு, கணினியில் வேறொரு கணக்கு என்று எண்கள் முரண்டு பிடித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

டேக் மேனேஜரின் ப்ரிவ்யூவைத் திறந்து, ஒரு படத்தை அழுத்தி, 'கிளிக் எலிமென்ட்' என்ற இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். படம் வராமல் டிவ்வோ ஸ்பேனோ வந்திருந்தால் விஷயம் இதுதான். ட்ரிகரின் சிஎஸ்எஸ் நிபந்தனையில் கேலரி உறுப்பையும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

அப்படியும் வரவில்லை என்றால், லைட்பாக்ஸ் நிரல் அந்த நிகழ்வை மேலே ஏற விடாமல் நிறுத்துகிறது என்று அர்த்தம். லைட்பாக்ஸ் திறக்கும்போது அதுவே எழுப்பும் நிகழ்வைப் பிடித்து டேட்டா லேயரில் (டேக் மேனேஜர் தகவலை வாங்கிக்கொள்ளும் இடம்) போடுவதுதான் அதற்கு வழி.

லைட்பாக்ஸுக்குள் போன பிறகு அம்புக்குறியை அழுத்தி மற்ற படங்களைப் பார்க்கிறார்களே, அது?

இதை விட்டுவிட்டால் கணக்கே கோணலாகிவிடும். முதல் படத்தை அழுத்தி உள்ளே போய், மொபைலில் தள்ளித் தள்ளி முப்பது படம் பார்க்கும் பார்வையாளரை நினைத்துப் பாருங்கள். தம்ப்நெயில் கிளிக்கை மட்டும் எண்ணினால் அவர் ஒரே படம் பார்த்ததாக ஆகும். முதல் வரிசைப் படங்களுக்கு நுழைவாயில் என்ற ஒரே காரணத்தால் எண்ணிக்கை குவியும்.

ஃபோட்டோஸ்வைப் போன்ற லைட்பாக்ஸ்கள் ஸ்லைடு மாறும்போதெல்லாம் ஒரு நிகழ்வை எழுப்பும். அதைப் பிடித்து 'நேரடித் திறப்பு', 'உள்ளே தள்ளி வந்தது' என்று இரண்டு வகையாகக் குறித்து வையுங்கள், ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒருவர் தேடி அழுத்திய படமும் வழியில் எதிர்ப்பட்ட படமும் ஒன்றாகாது. தள்ளி வரும் படங்களில் கவனிக்க வேண்டியது எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதுதான். அரை விநாடியில் கடந்துபோன படத்தையும் ஏழெட்டு விநாடி நின்று பார்த்த படத்தையும் ஒரே எண்ணிக்கை பிரித்துக் காட்டாது. நேரத்தைக் கணக்கிடும்போது டேப் மறைந்திருந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் டேபைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனவரின் படம்தான் பட்டியலில் முதலில் நிற்கும்.

படத்தின் ஃபைல் பெயரையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வேர்ட்பிரஸ் ஒரே படத்தைப் பல அளவுகளில் வெட்டி, பெயரின் கடைசியில் 300x200, 1024x683 என்று ஒட்டி வைக்கும். 2560 பிக்சலைத் தாண்டிய படமென்றால் 5.3 பதிப்பிலிருந்து 'ஸ்கேல்ட்' என்றும் ஒரு ஒட்டு சேர்கிறது. மொபைலுக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று என்று உலாவி தேர்ந்தெடுக்கும்போது ஒரே படம் அறிக்கையில் மூன்று நான்கு பெயரில் சிதறிக் கிடக்கும். தலைப்பும் ஆல்ட் உரையும் அடையாளத்துக்கு ஆகாது, இன்று எழுதியதை நாளை திருத்துவோம். படத்துக்கென்று மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, அதை உறுப்பின் டேட்டா பண்பில் எழுதிவிடுங்கள்.

ஜிஏ4-இல் நிகழ்வு வருகிறது, ஆனால் எந்தப் படம் என்று அறிக்கையில் தெரியவில்லையே?

நிகழ்வோடு அனுப்பும் பட எண்ணைக் 'கஸ்டம் டைமன்ஷன்' (அறிக்கையில் நாமே சேர்க்கும் பிரிப்பு) ஆகப் பதிவு செய்த பிறகுதான் அறிக்கையில் அது தெரியும். பதிவு செய்த நாளிலிருந்துதான் வரும், முன்னால் வந்தவற்றுக்குப் பொருந்தாது. அதனால் டேக் போடும் நாளிலேயே இதையும் செய்துவிடுங்கள். புதுத் தரவு முழுமையாகத் தெரிய ஓரிரு நாள் ஆகலாம், பதறி எதையும் மாற்ற வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே நாளில் 500-க்கு மேல் வெவ்வேறு மதிப்புகள் வரும் டைமன்ஷனைப் பல மதிப்புகள் கொண்டது என்று கூகுள் வகைப்படுத்துகிறது. அப்படியானால் அறிக்கையில் ஒரு பகுதி 'மற்றவை' என்ற ஒரே வரிக்குள் போய்விடக்கூடும். நிகழ்வுத் தரவை வைத்திருக்கும் காலமும் இயல்பாக 2 மாதம்தான். அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். போன வருடத்தோடு ஒப்பிட நினைப்பவர்கள் இதை இன்றே மாற்றுவது நல்லது.

கூகுள் இல்லாமல் செய்ய முடியுமா?

தாராளமாக. மட்டோமோ என்ற அனலிட்டிக்ஸ் மென்பொருளை உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவலாம். 2018 வரை பிவிக் என்ற பெயரில் இருந்ததுதான் அது. அதில் 'கன்டென்ட் டிராக்கிங்' என்றொரு வசதி உண்டு: ஒரு படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதில் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும். கேலரிக்காகவே செய்து வைத்ததுபோல் இருக்கிறது. ப்ளாசிபிள் என்ற இன்னொரு அனலிட்டிக்ஸ் கருவி குக்கீ இல்லாமல் இயங்கும், சிறிய தளத்துக்குப் போதுமானது.

என் விருப்பம், கொஞ்சம் நிரல் தெரிந்தால், சொந்த டேட்டாபேஸில் ஒரு சின்ன அட்டவணை. பட எண், தேதி, காட்டப்பட்டது, திறக்கப்பட்டது என்று நான்கே பத்திகள். ஒரு படத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி. கிளிக் வரும்போது வரி இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் ஒன்று கூட்டு என்று ஒரே கட்டளையில் சொல்ல மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் இரண்டிலும் வழி இருக்கிறது. யார் அழுத்தினார்கள் என்பது அந்த அட்டவணையில் எங்குமே இருக்காது.

டெக்ஸ்ட் ஃபைலில் எண்ணை எழுதி வைக்கும் எளிய வழியை மட்டும் தவிருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுத்தினால் இரண்டு கோரிக்கையும் 41 என்று படிக்கும், இரண்டும் 42 என்று எழுதும், ஒரு கிளிக் காணாமல் போகும். அப்புறம், அனுப்பப்படும் பட எண் உண்மையிலேயே உங்களிடம் இருக்கிறதா என்று சர்வரில் சரிபாருங்கள். அந்த முகவரிக்கு யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம்.

அதிகக் கிளிக் வாங்கிய படம்தான் சிறந்த படமா?

இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று தெரியாமல் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது.

எடுத்துக்காட்டுக்கு, மேல் வரிசையில் இருக்கும் ஒரு படத்தை 1000 பேர் பார்த்து 50 பேர் அழுத்துகிறார்கள். ஏழாவது வரிசையில் இருக்கும் படத்தை 100 பேர் பார்த்து 20 பேர் அழுத்துகிறார்கள். கிளிக் பட்டியலில் முதல் படம்தான் மேலே இருக்கும். பார்த்தவர்களில் எத்தனை பேர் என்று கேட்டால், முதலாவது 5 சதவீதம், இரண்டாவது 20 சதவீதம். பட்டியலை மட்டும் நம்பினால் இரண்டாவது படம் இன்னும் கீழே தள்ளப்படும். பிறகு அதைப் பார்ப்பவர்களே இருக்க மாட்டார்கள். நல்ல படங்கள் இப்படித்தான் கேலரிகளில் புதைந்துபோகின்றன, எடுத்தவருக்கே தெரியாமல்.

கண்ணில் பட்டதை எண்ண 'இன்டர்செக்‌ஷன் அப்சர்வர்' என்ற வசதி உலாவிகளில் இருக்கிறது. ஒரு படம் திரைக்குள் எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு வந்தால் பார்த்ததாக எடுத்துக்கொள்வது? இணைய விளம்பரத் துறையில் சாதாரணப் பட விளம்பரத்துக்கு, பாதிப் பரப்பாவது ஒரு விநாடி தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கேலரிக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். படம் இறங்கியதை வைத்து எண்ண வேண்டாம். உலாவி கீழே இருக்கும் படங்களையும் முன்னாலேயே இறக்கிவிடும்.

இதற்குப் பிறகும் இடத்தின் செல்வாக்கு கொஞ்சம் மிஞ்சும். மேலே இருப்பதை மக்கள் புத்துணர்ச்சியோடு பார்க்கிறார்கள், கீழே வரும்போது அலுத்திருப்பார்கள். வரிசை முக்கியமில்லாத கேலரி என்றால் ஒவ்வொரு வருகைக்கும் படங்களைக் கலைத்துப் போடுங்கள். கதையாக அடுக்கிய தொடர் என்றால் கலைக்க வேண்டாம், அளவீட்டுக்காகப் படைப்பைக் குலைக்கக் கூடாது.

ஒரு படத்தை 5 பேர்தான் பார்த்தார்கள், 3 பேர் அழுத்தினார்கள். 60 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். எட்வின் வில்சன் 1927-இல் தந்த ஒரு சூத்திரம் இதற்குக் கைகொடுக்கும். உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று அது சொல்லும். அந்தக் கீழ் எல்லையை வைத்துப் படங்களை வரிசைப்படுத்தலாம். 95 சதவீத நம்பகத்துக்கு, 5-இல் 3 என்றால் கீழ் எல்லை ஏறக்குறைய 23 சதவீதம். 100-இல் 40 என்றால் ஏறக்குறைய 31. எனவே 40 சதவீதப் படம் 60 சதவீதப் படத்துக்கு மேலே நிற்கும், அதுதான் நியாயமும். சூத்திரம் வேண்டாம் என்றால், குறைந்தது நூறு பேராவது பார்க்கும் வரை எந்தப் படத்தையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கிளிக் எண்ணிக்கையைப் படத்தின் கீழேயே காட்டலாமா?

காட்டாமல் இருப்பது நல்லது என்பேன். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14,000-க்கு மேற்பட்டவர்களுக்கு அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எத்தனை முறை டவுன்லோடு செய்தார்கள் என்ற எண்ணும் தெரிந்தது. எண் தெரிந்த இடத்தில் சில பாடல்கள் மட்டும் வெகுவாக மேலே போயின. எது மேலே போகும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினமாயிற்று. படத்தின் கீழே எண்ணை எழுதினால் அடுத்து வருபவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணைப் பார்ப்பார். நீங்கள் சேகரிப்பது அந்த எண்ணின் எதிரொலியாக இருக்கும்.

ஹீட்மேப் போட்டால் இதெல்லாம் தேவையில்லையா?

திரையில் எங்கே அதிகம் அழுத்துகிறார்கள் என்று நிறத்தால் காட்டும் ஹீட்மேப் வேறு வேலைக்கு. அழுத்தினாலும் ஒன்றும் நடக்காத இடத்தை மக்கள் அழுத்துகிறார்களா, மூடும் பட்டன் கண்ணில் படுகிறதா என்று பார்க்க அருமையான கருவி. அதைத் தரும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம்தான். ஆனால் திரை அளவுக்கு ஏற்பப் படங்கள் இடம் மாறும் கேலரியில், திரையின் ஒரு இடம் சிவந்திருப்பதை வைத்து எந்தப் படம் என்று சொல்ல முடியாது.

ஒரே ஆள் பத்து தடவை அழுத்தினால்? பாட்கள்?

ஒரு வருகையில் ஒரு படத்துக்கு ஒரு திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திறந்த படங்களின் எண்களைப் பக்கத்தின் நினைவிலேயே வைத்திருந்தால் போதும். திரும்பத் திரும்பத் திறந்தது தெரிய வேண்டுமென்றால் அதைத் தனியாக எண்ணலாம். பாட்களில் பெரும்பாலானவை பக்கத்தைப் படிக்குமே தவிர படத்தை அழுத்துவதில்லை, அதனால் கிளிக் கணக்கு லாக் கணக்கைவிடச் சுத்தமாக இருக்கும். உங்கள் சொந்தக் கிளிக்குகளை விலக்க மறக்காதீர்கள். சிறிய தளத்தில் அதுவே பெரிய பங்காக இருக்கும்.

பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களைக் கண்காணித்தால், நீங்கள் எங்கே இருந்தாலும் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தக்கூடும். அனுமதி கேட்கச் சொல்லும் இபிரைவசி விதி அதிலிருந்து தனி. குக்கீ விதி என்று அதற்குப் பெயர் வந்துவிட்டாலும் அது குக்கீக்கு மட்டுமானதில்லை. லோக்கல் ஸ்டோரேஜில் (உலாவிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) ஒரு அடையாள எண்ணை எழுதி வைத்தாலும் அதே விதிதான். ஐபி முகவரியும் தனிப்பட்ட தரவாகலாம்.

சட்டத்துக்கு அப்பாலும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒருவர் எந்தப் படத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவரைப் பற்றி நிறையவே சொல்லும். நோய், மதம், உடல், போராட்டம் என்று படங்கள் எதைப் பற்றியும் இருக்கலாம். நமக்குத் தெரிய வேண்டியது படத்தைப் பற்றி. ஆளைப் பற்றி இல்லை. படம் வாரியாகக் கூட்டி வைத்து, ஆள் வாரியாக எதையும் சேமிக்காமல் விட்டால் கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஏன் சேர்த்து வைக்க வேண்டும்?

விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்களே?

கூகுள் அனலிட்டிக்ஸை நிறையத் தடுப்பான்கள் நிறுத்திவிடும். உங்கள் சொந்த முகவரிக்குப் போகும் சின்னக் கோரிக்கை பெரும்பாலும் தப்பிவிடும். எப்படியானாலும் மொத்த எண்ணிக்கை குறையுமே தவிர, படங்களுக்கு இடையிலான ஒப்பீடு பெரிதாகக் கெடாது. காட்டப்பட்டதும் திறக்கப்பட்டதும் ஒரே வழியில் எண்ணப்பட்டால் இரண்டிலும் அதே ஆட்கள்தான் விடுபடுவார்கள்.

ரைட் கிளிக் செய்து படத்தைச் சேமிப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

மெனு திறந்தது தெரியும், 'கான்டெக்ஸ்ட்மெனு' என்ற நிகழ்வு வரும். அதில் சேமி என்பதை அழுத்தினாரா, முகவரியை நகலெடுத்தாரா, ஒன்றும் செய்யாமல் மூடினாரா என்பதை உலாவி சொல்லாது. சேமிப்பது முக்கியமென்றால் படத்தின் அருகே ஒரு டவுன்லோடு பட்டன் வைத்து அதை எண்ணுங்கள்.